பதினாலில் எட்டு

2023 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிய அன்று என் மகளுக்கு உடம்பு சுட்டது. அப்போது அவளுக்கு இரண்டரை வயது. மூக்கு ஒழுகல், விடாத இருமல், கண் இரண்டும் சிவந்து வெளிச்சம் பட்டால் சுருக்கிக்கொண்டாள். பனிக்காலம், திருப்பூரில் யார் வீட்டில்தான் அப்போது சளி இல்லை? தெருமுனை கிளினிக்கில் காட்டினோம், வைரல் காய்ச்சல் என்று சொல்லி பாராசிட்டமால் சிரப் கொடுத்தார்கள். கூட்டமான பஸ்ஸில் ஏறி, தாராபுரம் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது மணி. தம்பி மகனுக்கு அப்போது ஏழு மாதம். இவளுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். காய்ச்சலோடு போய் அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அவன் கடித்துக்கொண்டிருந்த கிலுகிலுப்பையை வாங்கித் தன் வாயில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நாங்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மாட்டுப் பொங்கல் காலையில் தலை வாரும்போது காதுக்குப் பின்னால் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. வேர்க்குரு என்று நினைத்தேன், இந்தக் குளிரில் எங்கிருந்து வேர்க்குரு என்று யோசிக்கவில்லை. மத்தியானத்துக்குள் முகம், மறுநாள் நெஞ்சும் முதுகும். என் அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "மணல்வாரி, கண்ணு."

மணல்வாரி என்றாலும் தட்டம்மை என்றாலும் ஒன்றுதான் என்பதுகூட அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை. அம்மை என்றால் எனக்குத் தெரிந்தது சின்னம்மை, அதுவும் ஸ்கூல் நாட்களில் பத்து நாள் லீவு கிடைத்த நினைவு. அப்புறம் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது, தாளிப்பு கிடையாது, வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது, இளநீர், கம்மங்கூழ். மாரியாத்தாளுக்கு வேண்டுதல். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, அம்மை போட்டிருக்கும்போது ஊசி மருந்து ஆகாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். படித்தவள், பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள், ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இந்தப் பழக்கங்களை நான் கேலி செய்ய மாட்டேன். வேப்பிலையைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் உள்ளே வராமல் திரும்பிப் போகிறார் என்றால் அது நல்ல விஷயம்தான், ஆஸ்பத்திரியில் தனி அறை போட்டு வைப்பதும் அதற்காகத்தான். நீராகாரம் கொடுப்பதும் சரி. சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, மருந்து வேண்டாம் என்பது. இன்னொன்று, வேப்பிலை வாசலுக்கு வரும்போது காரியம் முடிந்திருக்கும். தட்டம்மையில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தையிடமிருந்து கிருமி பரவ ஆரம்பித்துவிடும், தடிப்பு வந்த பிறகும் நான்கு நாள் பரவும். வெறும் சளி இருமல் என்று நாம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிற அந்த நாட்களில்தான் அது ஊரைச் சுற்றி வருகிறது.

மூன்றாம் நாள் இருமல் அதிகமாகி அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்ததும், அம்மாவே "கிளம்பு சாமி, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். கன்னத்தின் உட்புறத்தில் உப்புக்கல் தூவின மாதிரி வெள்ளைப் பொட்டுகள் தடிப்புக்கு முன்னாலேயே வருமாம், பெரும்பாலும் அவை மறைந்த பிறகுதான் எல்லோரும் வருகிறார்கள் என்றார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வைட்டமின் ஏ சொட்டு கொடுத்தார்கள், மறுநாள் வரச் சொல்லி இன்னொரு தடவை. ஒரு வயதுக்கு மேல் இருந்தால் 2 லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 1 லட்சம், இரண்டு நாள் அடுத்தடுத்து. கண்ணைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தச் சொட்டுதான் என்றார் டாக்டர். அதையும் அவர்கள் அளந்து கொடுப்பதுதான் முறை, நாமாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது, அளவு மீறினால் அதுவே விஷம்.

அப்புறம் அந்தக் கேள்வி. "எம்ஆர் ரெண்டு தவணையும் போட்டாச்சாம்மா?" எம்ஆர் என்றால் தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற இன்னொரு அம்மைக்கும் சேர்த்துப் போடும் ஊசி.

"எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டர்."

"கார்டு இருக்கா?"

கார்டு திருப்பூரில் பீரோவில் இருந்தது. வீட்டுக்காரரிடம் போட்டோ அனுப்பச் சொன்னேன். ஒன்பதாம் மாதக் கட்டத்தில் தேதி இருந்தது, 2021 மே. பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கார்டை எத்தனை முறை எடுத்து வைத்திருப்பேன், அந்தக் காலிக் கட்டம் ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை.

ஏன் விட்டுப்போனது என்று யோசித்தால் ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. பிரசவம் என் அம்மா வீட்டில், 2020 ஆகஸ்ட், கொரோனாக் காலம். பதிவு எல்லாம் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஒன்பதாம் மாத ஊசிக்கு இரண்டாம் அலை லாக்டவுன், அப்படியும் என் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த இரண்டு மாதத்தில் நான் திருப்பூர் வந்துவிட்டேன். அந்த ஊர் நர்ஸம்மாவின் நோட்டில் என் மகள் "ஊர் மாறிவிட்டார்", இந்த ஊர் நோட்டில் அவள் பிறக்கவே இல்லை. நினைவூட்டும் எஸ்எம்எஸ் வந்திருந்தால் அது பதிவில் கொடுத்திருந்த என் அப்பாவின் பட்டன் போனுக்குப் போயிருக்கும். அவர் பேலன்ஸ் பார்க்கவே பேரனைக் கூப்பிடுகிறவர். 2022 ஜனவரியில் ஒரு தடவை ஊசி ஞாபகம் வந்தது, ஆனால் மகளுக்குச் சளி, சரியானதும் போட்டுக்கலாம் என்று விட்டேன். இது தப்பு என்று பின்னால் தெரிந்தது. லேசான சளி, லேசான காய்ச்சல் இருந்தால் தாராளமாகப் போடலாம். உடம்பு நிஜமாகவே முடியாமல் இருந்தால்தான் தள்ளிப்போட வேண்டும், அதையும் நர்ஸோ டாக்டரோதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் "ஒன்பதாம் மாச ஊசியோட சரி" என்றுதான் மனதில் பதிந்திருந்தது. நான் குழந்தையாக இருந்தபோது அப்படித்தான். இந்தியாவில் தட்டம்மைக்கு இரண்டாவது தவணை 2010இல்தான் வர ஆரம்பித்தது, என் அம்மாவுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு தவணை போட்டவளுக்கு ஏன் வந்தது என்று டாக்டரிடம் கொஞ்சம் சண்டைக்காரத்தனமாகவே கேட்டேன். ஒன்பது மாதத்தில் போடும்போது நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் அது பிடிக்குமாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஊசி வேலை செய்யாமல் போகலாம். அந்தப் பதினைந்து பேரைப் பிடிக்கத்தான் இரண்டாவது தவணை, அதைப் போட்டால் பாதுகாப்பு 97 சதவீதம் வரை போகும். அதுவரை நான் இரண்டாவது தவணை என்றால் பூஸ்டர், போட்டால் நல்லது, போடாவிட்டால் குடி முழுகிப்போகாது என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என் கணக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. நூறு பிள்ளைகள் உள்ள ஊரில் 90 பேர் முதல் தவணையோடு நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். 90இல் 85 சதவீதம் என்றால் 76 பேர். மீதி 24 பிள்ளைகள் திறந்த கதவு. ஊர்க்காரர்கள் எல்லோரும் "எங்க ஊர்ல தொண்ணூறு பேர் ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள்.

தட்டம்மைக்கு இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு கறாரானது என்றால், அது பரவுகிற வேகம் அப்படி. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். இருமிய ஆள் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றிலேயே நிற்கும். அதனால்தான் 95 சதவீதம் பேருக்கு இரண்டு தவணையும் போயிருக்க வேண்டும் என்கிறார்கள்.

மகள் ஐந்து நாளில் தேறினாள். ஜனவரி 24ஆம் தேதி தம்பி போன் செய்தான், பையனுக்குக் காய்ச்சல், கண் சிவந்திருக்கிறது என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை. 28ஆம் தேதி தடிப்பு, மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்து கோவைக்குக் கொண்டு போனார்கள். நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் நான்கு நாள் ஆக்ஸிஜன். ஏழு மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயதே வரவில்லை, அவன் வீட்டில் யாரும் எதையும் தவறவிடவில்லை. தாய்ப்பாலோ, தாயிடமிருந்து கருவில் வந்த எதிர்ப்புச் சக்தியோ காப்பாற்றாதா என்று கேட்டதற்கு அங்கிருந்த டாக்டர் சொன்னது எனக்குப் புதிது. நம் பாட்டிமார்களுக்குத் தட்டம்மையே வந்து போயிருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த பாதுகாப்பு நீண்ட நாள் நின்றது. ஊசி போட்டுக்கொண்ட இந்தத் தலைமுறைத் தாய்மார்கள் கொடுப்பது அளவில் குறைவு, பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. அதனால் ஆறாவது மாதத்துக்கும் ஒன்பதாவது மாதத்துக்கும் நடுவில் இருக்கும் குழந்தைக்குச் சுற்றியிருக்கிற மற்ற பிள்ளைகள்தான் சுவர். அந்தச் சுவரில் என் மகள் ஒரு ஓட்டை.

இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. என் மகளுக்குத் தட்டம்மை என்று தெரிந்தவுடனே யாராவது இந்தக் குழந்தையையும் டாக்டரிடம் கொண்டுபோயிருந்தால், தொற்றுக்கு ஆளான ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்புப் பொருளையே நேராக உடம்பில் செலுத்தும் மருந்து, கொடுத்துப் பார்த்திருக்க முடியும். ஊசி வயது வந்தவர்களாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசியே போடலாம், நோய் வராமல் போகவோ லேசாகப் போகவோ வாய்ப்பு உண்டு. நாங்கள் என்ன செய்தோம்? மகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, பையனை அடுத்த அறையில் படுக்க வைத்து, "அவன் நல்லாத்தான இருக்கான்" என்று பத்து நாள் காத்திருந்தோம். யாராவது வீட்டில் ஒரு பிள்ளைக்கு இது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையை மட்டும் பார்க்காதீர்கள். கடந்த ஒரு வாரத்தில் அது யார் மடியில் எல்லாம் இருந்தது என்று உட்கார்ந்து எழுதுங்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி, வேறு நோய்க்குச் சிகிச்சையில் இருக்கிறவர்கள் என்று யாரெல்லாம் இருக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கே போன் போடுங்கள். சங்கடமான போன்தான்.

தம்பி மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "விடுங்க அண்ணி" என்றாள். ஆறு மாதம் அதற்கு மேல் வேறொன்றும் பேசவில்லை.

சரி, எங்கிருந்து வந்தது? திருப்பூர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இருப்பது லைன் வீடு, ஒரே காம்பவுண்டுக்குள் பதினெட்டுக் குடித்தனம், நடுவில் பொதுக் குழாய், பிள்ளைகள் எல்லாம் ஒரே மண்ணில் விளையாடும். ஜனவரி முதல் வாரத்தில் கடைசி வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருந்தது, வாசலில் வேப்பிலை இருந்தது, நானே பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். ஆனால் அதற்கு முந்தின நான்கு நாள் அவனும் என் மகளும் ஒரே மூன்று சக்கர சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். வேப்பிலை தொங்கியதைக் காம்பவுண்டே பார்த்தது, சுகாதார நிலையத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அதைச் சொல்ல வேண்டும், அவர்கள் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், பக்கத்தில் ஊசி போடாத பிள்ளைகளைத் தேடிப் போடுவார்கள். ஒரு போன்கால் ஜனவரி முதல் வாரத்திலேயே போயிருந்தால் தம்பி மகன் கோவைக்குப் போயிருக்க மாட்டான் என்று சில ராத்திரி யோசிப்பேன்.

என் மகளின் ரத்த முடிவு வந்ததும் நகர்ப்புற சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் பை, கையில் நீள நோட்டு. வீடு வீடாக உட்கார்ந்தார். நான் அன்று லீவு போட்டிருந்ததால் கூடவே போனேன், இந்தி கொஞ்சம் வரும் என்பதால் வடமாநிலக் குடும்பங்களிடம் நான்தான் பேசினேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மொத்தம் 16. இரண்டு பேர் ஒன்பது மாதம் ஆகாதவர்கள். மீதி 14 பேருமே இரண்டாம் தவணைக்கான வயது வந்தவர்கள். அதில் இரண்டும் போட்டவர்கள் 8. ஒன்று மட்டும் 4, அதில் என் மகளும் ஒருத்தி. ஒன்றுமே போடாதவர்கள் 2, முதலில் அம்மை வந்த பையன் அவர்களில் ஒருவன், அடுத்ததாகப் படுத்த மூன்றாம் வீட்டுப் பெண் இன்னொருத்தி. பதினாலில் எட்டு என்றால் 57 சதவீதம். நர்ஸம்மா பெருமூச்சு விட்டு, "மொத்த ஏரியாவுக்குக் கூட்டிப் பாத்தா நல்லாத்தாம்மா வருது, இந்த மாதிரி காம்பவுண்டுலதான் ஓட்டை" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. கம்பெனியில் மாதக் கடைசியில் சராசரி போட்டு முதலாளியிடம் காட்டுகிறவள் நான். நூறு பீஸுக்கு மூன்று டேமேஜ் என்று சராசரி சொல்லும், ஆனால் அந்த மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால் அந்தப் பெட்டியை வாங்கியவனுக்குச் சராசரியா முக்கியம்? தமிழ்நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் எல்லா அடிப்படை ஊசியும் போட்ட குழந்தைகள் 2015-16இல் 69.7 சதவீதம், 2019-21இல் 89.2. நல்ல ஏற்றம்தான். ஆனால் தட்டம்மைக் கிருமிக்கு மாநிலச் சராசரி எதற்கு, பதினெட்டுக் குடித்தனத்தில் ஒரு குழாயடி போதும். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் பிள்ளைகள் இறந்ததை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டியது ஞாபகம் இருக்கிறது, அங்கேயும் நெருக்கமான குடிசைப் பகுதிகளில்தான் முதலில் வெடித்தது. அப்புறம் 2025இல் அமெரிக்காவில் டெக்சாஸ். மாநிலம் முழுக்க எடுத்தால் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் 94 சதவீதம் பக்கம் ஊசி போட்டவர்கள், ஆனால் கெய்ன்ஸ் கவுண்டியில் அது 82 சதவீதம். அங்கே பற்றியதுதான் 762 பேருக்குப் பரவி இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோனது. பணம், படிப்பு, ஆஸ்பத்திரி எதற்கும் குறைவில்லாத நாடு.

வடமாநிலக் குடும்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காம்பவுண்டில் எல்லோரும், நானும்தான், "இந்த இந்திக்காரங்க வந்து கொண்டாந்தது" என்று முதல் இரண்டு நாள் பேசினோம். நர்ஸம்மாவோடு ஏழாம் நம்பர் வீட்டுக்குப் போனால், ஒடிசாவிலிருந்து வந்த அந்தம்மா தகரப் பெட்டியைத் திறந்து, பாலித்தீன் கவரில் மடித்து வைத்த கார்டை எடுத்துக் கொடுத்தார். எழுத்து எல்லாம் ஒடியா, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கட்டங்கள் அதே வரிசை, தேதிகள் அதே வரிசை. ஒன்பதாம் மாதம் ஊரில், இரண்டாவது தவணை இங்கே திருப்பூரில். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. தையல் மிஷினில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கால் மிதிக்கிற பெண், மொழி தெரியாத ஊரில் விசாரித்து, கூலி இழந்து போய்ப் போட்டிருக்கிறாள். நான் கார்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஒன்றுமே போடாத இரண்டு வீட்டில் ஒன்று எங்கள் ஊர்க்காரர்களே. பையனின் தாத்தாவுக்கு ஊசி என்றால் பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் சொன்னார்: 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தது. அது நடந்ததுதான், கட்டுக்கதை இல்லை. அதற்குப் பிறகு அரசாங்கம் கிராமங்களில் போய் ஊசி போடுவதை நிறுத்தி, கொஞ்ச காலம் டாக்டர் இருக்கும் சுகாதார நிலையங்களில் மட்டும் போட்டது. நர்ஸம்மா அதை மறுக்கவும் இல்லை, தாத்தாவை மட்டம் தட்டவும் இல்லை. "எனக்கும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலைங்கய்யா" என்று ஆரம்பித்து, இப்போது பவுடரையும் அதைக் கரைக்கிற திரவத்தையும் எப்படி ஒன்றாக எண்ணி வைக்கிறார்கள், கரைத்த நேரத்தை மருந்துக் குப்பி மேல் எழுதி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் தூக்கிப் போடுவது, ஒரு குழந்தைக்கு ஒரு சிரிஞ்சு, அது திரும்ப இழுத்தால் வேலையே செய்யாது, ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்பது எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி நேரம் ஆனது. தாத்தா கடைசியில் "அடுத்த புதன்கிழமை பாக்கலாம்" என்றார். இதுவே அந்த வீட்டுச் சித்தப்பா வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டியபோது நர்ஸம்மாவுக்குப் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்ஆர் முகாம் நடந்தபோது சுற்றிய அதே சரக்கு, மலட்டுத்தன்மை, ஆட்டிசம். ஆட்டிசம் கதையின் மூலமான, லான்செட் மருத்துவப் பத்திரிகையில் 1998இல் வந்த கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 2010இல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பயத்துக்கு உட்கார்ந்து பதில் சொல்லலாம், ஃபார்வர்டுக்கு எத்தனை நாள் சொல்வது?

இரண்டு தவணையும் போட்ட எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கும் வரவில்லை. எட்டுப் பேரை வைத்து மருத்துவ விதி எழுத முடியாது, தெரியும். ஆனால் அதே குழாயடி, அதே சைக்கிள்.

என் மகளுக்கு அப்புறம் ஆறேழு மாதம் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது, காது சீழ், வயிற்றுப்போக்கு, மறுபடி சளி. தட்டம்மை வந்துபோனால் உடம்பு ஏற்கெனவே மற்ற கிருமிகளுக்கு எதிராகச் சேர்த்து வைத்ததையும் மறந்துவிடும் என்றார் டாக்டர். 2019இல் நெதர்லாந்துக் குழந்தைகள் 77 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், அதுவரை சேர்ந்திருந்த எதிர்ப்புப் பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை போயிருந்ததாம். ஒரு வாரம் படுத்து எழுந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இவைதான். கார்டை இன்றைக்கே எடுத்து, எழுதியிருக்கும் கட்டங்களை விட்டுவிட்டு காலிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு போனில் வையுங்கள். தனியாரில் போட்டவர்களுக்கு எம்எம்ஆர் என்று எழுதியிருக்கும், அதிலும் தட்டம்மை உண்டு, குழம்ப வேண்டாம். அங்கே அட்டவணை கொஞ்சம் மாறும், ஒன்பது மாதம், பதினைந்து மாதம், அப்புறம் நான்கு முதல் ஆறு வயதுக்குள் ஒன்று. தவறிவிட்டால் "வயசு தாண்டிருச்சு" என்று விடாதீர்கள், அரசு சுகாதார நிலையத்தில் ஐந்து வயது வரை போடுவார்கள், ஒன்றுமே போடாத பிள்ளைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டும் போடலாம். ஊர் மாறினால் கையோடு புது ஊர் நர்ஸிடம் பெயரைச் சேர்த்து, போன் நம்பரை மாற்றுங்கள். என் கதையில் பாதி அந்த பட்டன் போனில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் ஊசி நாள் புதன்கிழமை, காலையிலேயே போய்விடுவது நல்லது. வேறு நாளில் போய் அலைந்து திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு, அதைச் சொன்னால் நீளும்.

ஊசி போட்ட ஏழெட்டு நாள் கழித்து லேசாகக் காய்ச்சல் வந்து நாலு தடிப்பு தெரிந்தால் "ஊசி போட்டுத்தான் அம்மை வந்தது" என்று பாட்டிமார் கொடி பிடிப்பார்கள், இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும், அடுத்தவருக்குப் பரவாது. அம்மை வந்து போன பிள்ளைக்கும் நர்ஸம்மா விட்டுப்போன தவணையைப் போடச் சொன்னார், அதில் ரூபெல்லாவும் இருக்கிறதே என்றார். போட்டோம்.

தட்டம்மையோ என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குள் நேராக நுழையாமல், குழந்தையை வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் போய்ச் சொல்லுங்கள். வெயிட்டிங் ஹாலில் எத்தனை கைக்குழந்தை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வேகமாக மூச்சு வாங்கினால், குடிக்க மறுத்தால், அரை மயக்கமாக இருந்தால், வலிப்பு வந்தால், கருவிழி மங்கினால் வேப்பிலையும் வேண்டுதலும் வீட்டில் இருக்கட்டும், வண்டியை எடுங்கள்.

நான் இப்போது காம்பவுண்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். யார் வந்தார்கள், யார் காலி செய்தார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்தப் புதன்கிழமை என்று. கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய வேலை இல்லை, மாதம் ஒரு தடவை நர்ஸம்மாவிடம் போட்டோ எடுத்து அனுப்புவேன். லைன் வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், எட்டாக இருந்தது பதினொன்றாகும், மறுபடி ஒன்பதாகும். தாத்தாவின் பேரனுக்கு இரண்டு தவணையும் ஆகிவிட்டது. தம்பி மகனுக்கும் ஆகிவிட்டது, இரண்டாவது தவணை அன்று தம்பி மனைவி கார்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். நான் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன்.

போன வாரம் பதினொன்றாம் நம்பருக்குப் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது, பீகார்க்காரர்கள், பதினோரு மாதப் பெண் குழந்தை. கார்டு ஊரிலேயே இருக்கிறதாம். கார்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, புதுசு போட்டுத் தருகிறேன், கூட்டிவா என்றார் நர்ஸம்மா. அந்தப் பெண்ணுக்குப் புதன்கிழமை லீவு கிடைக்காது, சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. மாமியார்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார், வழி தெரியாது என்பதால் நானும் போகிறேன். அரை நாள் பெர்மிஷன் சொல்லியாகிவிட்டது.